எண்பத்தோராவது பதிப்பு

மாமல்லபுரத்துக் கிஷோர் எழுதிய காற்றுக் கணிப்பு மென்பொருளை லினக்ஸ் கணினிக்காரர்கள் நிறுவிக்கொள்ளத் தோதாகப் பேக்கேஜாகக் கட்டித் தருவது என் வேலை. சம்பளம் கிடையாது, பெருமை உண்டு. அவனுடைய தளத்தில் புதுப் பதிப்பு வந்திருக்கிறதா என்று மணிக்கொரு தரம் பார்க்க ஒரு பாட், அதாவது தானாக ஓடும் நிரல், வைத்திருக்கிறேன். வந்திருந்தால் அதுவே எடுத்து, அதுவே கட்டி, அதுவே வெளியிட்டுவிடும்.

ஒரே வாரத்தில் எண்பது பதிப்புகள் வந்தன. "விழிப்பென்றால் ஜாய்ஸ்தான்" என்று எங்கள் பேக்கேஜ் குழுவில் என்னைப் பாராட்டினார்கள். எனக்கே கூச்சமாகி, செய்யூரிலிருந்து பஸ் பிடித்துப் போய்க் கேட்டேன்.

"அப்படி இன்னாத்த மாத்திகினே கீற?"

"நான் இன்னாக்கா மாத்தப்போறேன்," என்றான் கிஷோர். "நீ பேக்கேஜ் போட்டா என் பாட் கண்டுபுடிச்சு, 'லினக்ஸ்லயும் வந்துட்ச்சு'ன்னு தளத்துல எழுதும். எழுதுனா பதிப்பு நம்பர் தானா ஏறிடும்."

நம்பர் ஏறினால் என் பாட் மறுபடி கட்டும்.

பக்கத்தில் வலையைச் சரிசெய்துகொண்டிருந்த அவன் மாமா மாரி தலை நிமிராமல் சொன்னார்: "தெக்கால காத்து அடிக்கறப்ப உன் மெசினு மேக்காலன்னு காட்டுது. மூணு மாசமா சொல்லிகினு கீறேன்."

"தளத்துல புகாரா எழுதிப் போடு மாமா."

"அப்பவே போட்டேன்."

புகாரைப் பார்க்க எங்கள் இருவரிடமும் பாட் இல்லை.

மாரி ஒரு பிடி மணலை அள்ளி விட்டுப் பார்த்தார். அது வடக்கே பறந்தது. அதற்குள் எண்பத்தோராவது பதிப்பு வந்துவிட்டது. அதிலும் காற்று மேற்கிலிருந்துதான் அடித்தது. என் பாட் அதையும் கட்டி அனுப்பியது. குழுவில் எனக்குக் கைதட்டினார்கள்.