சுவரில் சாய்த்த ஜல்லி

சூப்பர்வைசருக்குச் சட்டை மடிப்பு கலையக் கூடாது. வேறு எது கலைந்தாலும் கவலையில்லை. கட்டடத்தின் முதலாளி பார்வையிட வருகிறார் என்றதும், முன்பக்கம் குவிந்திருந்த மணலையும் ஜல்லியையும் வாரி, ஈரம் காயாத சுற்றுச்சுவரை ஒட்டிக் கொட்டச் சொன்னார். குவியல் ஏற ஏறச் சுவரின் தலை மட்டுமே தெரிந்தது.

ஸ்டோரைப் பார்த்துக்கொள்பவள் அவர் மனைவி. இந்த ஆளோடு குடும்பம் நடத்துவது போதாதென்று, தன் அண்ணன் எடுத்த ஒப்பந்த வேலையில் இவருக்குக் கீழேயே உத்தியோகமும் பார்க்க வேண்டுமென்பது அவள் தலையெழுத்து.

"சுவரு நேத்துதான் எழும்புச்சு. இவ்வளவு பாரத்த அதுமேல சாய்க்கிறீங்களே! அந்தப் பக்கம் சித்தாளுங்க உக்காந்து சாப்பிடுற இடம். தள்ளிக் கொட்டச் சொல்லுங்க."

"சுவரு சும்மாதானே நிக்குது? தாங்கட்டுமே," என்றார். அதற்கு அவரே சிரித்தும் கொண்டார். "நீ போய் ஆணிய எண்ணு."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மண்டையில் எதுவும் ஏறாது. நேரே மறுபக்கம் போனாள்.

"எல்லாரும் சாப்பாட்டத் தூக்கிக்கிட்டு ஸ்டோருக்கு வாங்க. இங்க ஒருத்தரும் உக்காரக் கூடாது."

முணுமுணுத்துக்கொண்டே வந்தார்கள். சாப்பாடு பாதியில் இருக்கும்போது சுவர் விழுந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், உட்காரும் இடத்தில் செங்கல்லும் ஜல்லியும் இடுப்பளவு கிடந்தன. தினமும் அந்த மூலையில் சாய்ந்து உட்காரும் சித்தாள் ஒருத்தி, எச்சில் கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சத்தம் கேட்டு அவள் அண்ணன் ஓடிவந்தார். சூப்பர்வைசர் முந்திக்கொண்டார். வெட்கம் என்பது அந்த உடம்பில் எந்தப் பக்கமும் கிடையாது.

"ஒரு உயிருக்கும் சேதமில்ல மச்சான். இந்தப் பக்கம் யாரும் உக்காராதீங்கன்னு காலையிலேயே நான்தான் விரட்டிவிட்டேன்."

சித்தாள்கள் வாயைப் பிளந்தார்கள். அண்ணன் மாப்பிள்ளையின் தோளைத் தட்டக் கையைத் தூக்கினார்.

"ஆமாண்ணா," என்றாள் அவள், குரலை உயர்த்தாமல். "சுவரு விழும்னு இவருக்குக் காலையிலேயே தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சும் அதுமேலதான் கொட்டச் சொல்லியிருக்காரு."

தூக்கிய கை பாதியில் நின்றது. சூப்பர்வைசர் மனைவியைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார். இனி எந்தப் பொய்யை எடுத்தாலும் தன் கழுத்தில்தான் விழும் என்பது அவருக்கே புரிந்துவிட்டது போலிருக்கிறது.

அண்ணன் கையை இறக்கினார்.

"மாப்பிள்ள, வீட்டுக்குக் கிளம்புங்க. நாளைக்கு வர வேணாம்."