போலீஸ்காரரை நம்பிச் சொன்னவள்

சிமெண்ட் மூட்டை இறக்கிவிட்டு வந்து, குழாயடியில் கழுத்தைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தேன். ஒரு போலீஸ்காரர் வந்து நின்றார். சீருடையில். வண்டியையும் எங்கள் வாசலுக்கு நேராகவே நிறுத்தினார். எதிர்வீட்டுக்காரி காய்ந்துபோன துணியையே மறுபடி உதறத் தொடங்கினாள்.

“பாப்பா இருக்குதுங்களா? நேத்து அதோட ஸ்கூல்ல போதைப்பொருள் பத்தி நான்தான் வகுப்பெடுத்தேன்.”

என் சின்னவள் எனக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டாள். ஐந்தாம் வகுப்பு. வாய் ஓயாதவள்.

அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். வகுப்பு முடிந்ததும் இவள் தனியாகப் போய்க் கேட்டாளாம்: “விக்கிறவங்களப் பிடிப்பீங்க, சரி. மோந்து பாக்குறவங்கள என்ன செய்வீங்க?” டாக்டரிடம் கூட்டிப்போவோம் என்றாராம். அதை நம்பி அண்ணனைப் பற்றிச் சொல்லிவிட்டாள். பஞ்சர் ஒட்டும் பசை, கட்டிலுக்கடியில் கசங்கிய துணி, சாப்பிடாமல் கிடப்பது, எல்லாம்.

பெரியவனுக்குப் பதினேழு வயது. டயர் கடையில் வேலை. தொழில் வாசனைதான் என்று நானும் அவன் அம்மாவும் சொல்லிச் சொல்லியே நம்பிக்கொண்டோம். அப்போதும் அவன் உள்ளறையில்தான் சுருண்டு கிடந்தான்.

போலீஸ் கூட்டிக்கொண்டு போனால் எப்படித் திரும்புவான்? கூலிக்காரன் பிள்ளை. அடித்தால் கேட்க நாதியில்லை.

“அப்படியெல்லாம் யாரும் இல்லீங்க. சின்னப் புள்ள, ஏதோ உளறிடுச்சு.”

அவர் இவளைப் பார்த்தார். “அப்படியா பாப்பா?”

“ஆமா சார். நான்தான் பொய் சொன்னேன்.”

குரல் தடுமாறவில்லை. மனப்பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். காலையிலிருந்து மூட்டை சுமந்த தோள் எனக்கு. இந்த ஒன்றை மட்டும் அவள் தலையில் ஏற்றிவிட்டு நின்றேன்.

“சரி, இனிமே யோசிச்சுப் பேசணும்,” என்று அவர் வண்டிப் பக்கம் திரும்பினார். இவள் தலையாட்டினாள். இனி எது நடந்தாலும் இவள் யாரிடமும் சொல்ல மாட்டாள், என்னிடம்கூட, என்று பட்டது.

“சார், கொஞ்சம் நில்லுங்க. புள்ள சொன்னது நிஜம்தான்.”

அவர் நின்றார்.

“கூட்டிட்டுப் போனா நானும் வருவேன். அவன்மேல யாரும் கை வைக்கக் கூடாது.”

“நீங்க வராம எப்படிங்க? ஆஸ்பத்திரியில பெத்தவங்களத்தான கேப்பாங்க. இன்னிக்கு நான் பேசிட்டு மட்டும் போறேன்.”

“அப்போ வண்டியத் தள்ளி நிறுத்துங்க. தெருவே வேடிக்கை பாக்குது.”

அவர் அப்போதுதான் எதிர்வீட்டைப் பார்த்தார். “அட, இது தோணலையே,” என்று வண்டியைத் தெருமுனைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

“நீ பொய் சொல்லலம்மா,” என்றேன் இவளிடம்.

“எனக்குத் தெரியாதாப்பா?” முகத்தை இன்னும் தூக்கித்தான் வைத்திருந்தாள். பிறகு கேட்டாள்: “அண்ணன் என்கூடப் பேசுவானா?”

“கொஞ்ச நாள் பேச மாட்டான்.”

“எவ்ளோ நாள்?”

போலீஸ்காரர் திரும்பி வந்து வாசலிலேயே பூட்ஸை அவிழ்க்கக் குனிந்தார். கழற்ற வேண்டாம், அப்படியே வாங்க என்று சொல்லிவிட்டு, நான் முதலில் உள்ளறைக்குப் போய் மகனின் போர்வையை விலக்கினேன்.