போர்முனை என்னும் சொல்

ஞாயிறு உச்சியேறி, ஆற்றின் இருகரையும் வெயிலில் உருகிய வெள்ளிபோல் கண்கூச, கடைகள் அரைக்கதவு சாத்தித் தெருக்கள் மூச்சடக்கி நின்ற அந்நண்பகலில், வானொலி நிலையத்தின் இரண்டாம் மாடியில், சுவரெங்கும் பஞ்சு பதித்த சிற்றறையொன்றில், செய்தி வாசிக்கும் பெண்ணொருத்தி கையிலிருந்த தாளை நோக்கி வியர்த்து நின்றாள். அக்கரைச் சிற்றூரைக் குறித்துத் தான் எழுதியிருந்த 'போர்முனை' என்னும் சொல்லைச் செய்தியாசிரியர் சிவப்பு மையால் அடித்து, 'பதற்றம் நிலவும் பகுதி' என மேலே எழுதியிருந்தார்.

கற்றறிந்தோரே, இம்மாற்றத்தைச் சிறிதென்று எண்ணற்க. பதற்றப் பகுதிக்குப் பேருந்துகள் ஓடியே ஆகவேண்டும். போர்முனையென்று வானொலி அறிவிக்குமாயின் அக்கணமே அவை நிற்கவேண்டும் என்பது அரசின் ஆணை. அவளுடைய அண்ணனோ நாற்பது பயணிகளை ஏற்றிக்கொண்டு, ஆற்றுப்பாலத்தை நோக்கிப் பேருந்தைச் செலுத்திக்கொண்டிருந்தான்.

"காலையிலேர்ந்து குண்டு விழுதுங்க ஐயா. இதுக்குப் பேரு பதற்றமா? பதற்றம் நமக்குத்தான்," என்றாள்.

"மேலிடத்து உத்தரவும்மா. அந்த வார்த்தைய சொன்னா என் தலைதான் உருளும். எழுதியிருக்கிறத வாசி," என்றார் ஆசிரியர், அவள் முகம் பாராமல்.

ஒலிபரப்பு தொடங்கியதைக் காட்டும் செவ்விளக்கு எரிந்தது. ஊர்ப்பெயரை வாசித்து, கல்லில் உளி இறங்கினாற்போல் 'போர்முனை' என்றே உரைத்தாள். அறையின் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் சென்றிருந்த ஆசிரியர் தலையில் கைவைத்து அமர்ந்தார்.

மாலையில், வேலை பறிக்கப்பட்டு வீடு திரும்பியவளை அண்ணன் வாசலிலேயே எதிர்கொண்டான்.

"வண்டி ரேடியோல உன் குரலக் கேட்டுத்தான் பாலத்துக்கு முன்னாடியே வண்டிய ஓரங்கட்டினேன். கால்மணி நேரத்துல குண்டு விழுந்து பாலமே இல்லம்மா."

போன உயிர் மீண்டாற்போல் அவள் சுவரில் சாய்ந்தாள். பின் மெல்லக் கேட்டாள்: "அந்தப் பக்கம் தப்பிச்சு வர வண்டிக்குக் காத்துக்கிட்டு இருந்தவங்க, அண்ணா?"

அவன் வாசற்படியில் அமர்ந்தான். "கைய ஆட்டிக் கூப்பிட்டாங்க. நான் பாத்துக்கிட்டேதான் நின்னேன்."

நாற்பது பேர் இக்கரையில் உண்டு உயிர்த்திருந்த அவ்வேளையில், அவர்களைக் காத்த உடன்பிறந்தார் இருவரும் உணவைத் தொடாது வாசலிலேயே அமர்ந்திருந்தனர். உள்ளதை உள்ளவாறு உரைத்த நாவுக்குப் பழியில்லை. ஆயினும் அக்கரையில் அசைந்த கைகளுக்கு விடையாக உரைக்கத்தக்க சொல்லொன்று அவர்களிடம் அன்றும் இல்லை, அதன்பின் என்றும் இல்லை.