ஊசி பேரிங்

"இழுங்க அண்ணி, உங்க பக்கம் இழுங்க!"

அவள் இழுத்தாள். படகின் பின்பக்கம் தொங்கிக்கொண்டிருந்த, விசிறியைத் தாங்கும் இரும்புக் கால் ஒரு குலுங்கு குலுங்கிப் பிடியை விட்டு வெளியே வந்தது. கூடவே, கிழிந்த ரப்பர் உறைக்குள் தேங்கிக் கிடந்த துருத் தண்ணீர் அவள் புடவை முழுக்கக் கொட்டியது. கனம் தாங்காமல் இருவரும் அதை மடியில் வாங்கியபடி ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

சின்னவன் முதலில் எழுந்தான். காலிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த சாஃப்ட் தண்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். ஆடக் கூடாத இடத்தில் எல்லாம் ஆடியது.

"ஜாயின்ட் கிராஸ் ரெண்டும் போச்சு. இதோட எறக்கியிருந்தா நடு ஆத்துல ஒடிஞ்சு நின்னிருப்போம்."

"புதுசு இருக்கு தம்பி. உங்க அண்ணன் வாங்கி வெச்சுட்டாரு. மாட்டுறதுக்குள்ளதான்…"

அவள் முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. கொட்டகையை ஒட்டிய ஜன்னலுக்கு அந்தப் பக்கம், முன்னறைக் கட்டிலில், அவள் கணவர், அந்த வீட்டுப் பெரியவர், மூச்சு விடும் சத்தம் மழையையும் மீறிக் கேட்டுக்கொண்டிருந்தது. விறகு அறுக்கிற மாதிரி ஒரு சத்தம்.

அவரால் படுக்க முடியவில்லை. நேற்றிலிருந்து தலையணைகளை அடுக்கி, அதில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இருக்கிறார். எதிர்வீட்டு நர்ஸம்மா, வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், காலையில் வந்து நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு அவளைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனார். "நுரையீரல்ல தண்ணி கோத்திருக்கும்மா. இனிமே மாத்திரைக்கு அடங்காது. அக்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயே ஆகணும். இன்னிக்கே."

கொண்டு போவதற்குத்தான் வழியில்லை. ஆற்றோரச் சாலை நேற்றே பெயர்ந்து தண்ணீரோடு போய்விட்டது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தால் மீட்புப் படகுக்காரர்கள் நம்பரைக் கொடுத்தார்கள். அந்த நம்பரில் ஒரு பெண், "உங்க பேரை வரிசைல வெச்சிருக்கோம்மா, கண்டிப்பா வருவாங்க" என்று ஒவ்வொரு முறையும் அதே குரலில் சொன்னாள். தெருவில் படகு வைத்திருந்தவர்கள் வெள்ளம் ஏறுமுன்பே மேலே பாதுகாப்பான துறைக்கு ஓட்டிக்கொண்டு போய்க் கட்டிவிட்டார்கள். இந்த ஒரு படகுதான், ஜாயின்ட் தேய்ந்துபோனதால், இழுவண்டியில் ஏற்றியபடி கொட்டகையிலேயே நின்றது.

அதனால்தான் அவள் முழங்கால் தண்ணீரில் நடந்து சின்னவன் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

அண்ணனும் தம்பியும் பேசி வருஷக்கணக்காகிறது. ஒரு காலத்தில் இருவரும் சேர்ந்துதான் இந்தப் படகில் ஆள் ஏற்றி அக்கரைக்கு ஓட்டினார்கள். ஒருநாள் சின்னவன் துறையில் நின்றவர்கள் வாய் பிளக்கட்டும் என்று முழு வேகத்தில் படகை ஒடித்துத் திருப்பினான். எஞ்சினுக்கும் தண்ணீருக்குள் இருக்கும் காலுக்கும் நடுவே, வளைந்து கொடுத்துச் சுழல வேண்டிய அந்த ஜாயின்ட் முறிந்தது. துடுப்புப் போட்டுப் படகைக் கரை சேர்த்ததும் பெரியவர் எல்லோர் முன்னாலும் தம்பியின் கன்னத்தில் அறைந்தார். அப்போது சின்னவனுக்குக் கல்யாணமாகிக் கைக்குழந்தை இருந்தது. அந்தக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவன் மனைவி துறையிலேயே நின்றிருந்தாள்.  சின்னவன் சாவியை இருக்கையில் வைத்துவிட்டு இறங்கிப் போனான். போனவன் லாரிப் பட்டறையில் சேர்ந்துவிட்டான்.

அவள் மட்டும்தான் நடுவில் போய் வந்துகொண்டிருந்தாள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது சின்னவன் அரைக்கால் சட்டைப் பையன். அவன் பள்ளிக்கூடச் சட்டைகளை இவள்தான் தைத்தாள். இவளுக்குப் பிள்ளை இல்லை. தெருவுக்கே தைக்கிறவள், அவன் மகளுக்கும் வருஷம் தவறாமல் ஒரு கவுன் தைத்து அனுப்புவாள். பெரியவர் பார்க்காத மாதிரியே இருப்பார். கவுன் ஆணியில் தொங்கும்போது மட்டும் அதன் நீளத்தைப் பார்த்துவிட்டு, "அதுக்குள்ள இவ்ளோ ஒசரமாயிருச்சா?" என்பார். வேறெதுவும் கேட்க மாட்டார்.

கதவைத் திறந்த சின்னவனிடம் அவள், "உங்க அண்ணனுக்கு முடியல தம்பி. படகு ஓடணும்" என்றாள். அவ்வளவுதான். அவன் கருவிப் பையை எடுத்துத் தோளில் மாட்டினான். அவசரத்தில் கைக்குக் கிடைத்தது அவன் மனைவியின் மழைக்கோட்டு. பூப்போட்ட அந்தக் கோட்டை மாட்டிக்கொண்டு, மணிக்கட்டு வரைகூட வராத அதன் கையோடு, அவளுக்கு முன்னால் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு நடந்தான்.

இப்போது அந்தக் கோட்டு படகின் விளிம்பில் தொங்கியது. அவன் சாஃப்டைக் கழற்றி வைஸ் இடுக்கியில் பிடித்து, சுத்தியலால் தட்டத் தொடங்கினான்.

உள்ளேயிருந்து நர்ஸம்மா கூப்பிட்டார். அவள் ஓடினாள்.

"யாரு… அடிக்கிறது?" பெரியவர் கேட்டார். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மூச்சு தேவைப்பட்டது.

"உங்க தம்பி."

அவர் ஜன்னலைப் பார்த்தார். நெற்றியில் வேர்வை வழிந்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. அவள் துடைத்துவிட்டாள்.

"முதல்ல… கிளிப்பக் கழட்டச் சொல்லு. கழட்டாமக் குத்துனா… ஜாயின்ட்டோட காது ஒடஞ்சிரும்."

அவள் கொட்டகைக்கு வந்து சொன்னாள். சின்னவன் நிமிராமல், "அதக் கழட்டி அப்பவே தூரப் போட்டாச்சுன்னு சொல்லுங்க. தெனமும் லாரிக்கு மாட்டுறவன் நான்" என்றான். அவள் உள்ளே திரும்புவதற்குள் ஜன்னலுக்குள்ளிருந்தே குரல் வந்தது.

"லாரி வேற… படகு வேற."

சின்னவன் கை நின்றது. அவன் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. வைஸைப் பார்த்தபடியே, ஆனால் சத்தமாகச் சொன்னான்:

"லாரிக்காரன் கிரீஸாவது காட்டுவான். இங்க உறை கிழிஞ்சது கூடப் பாக்காம ஓட்டியிருக்கீங்க. துரு தின்னு வெச்சிருக்கு. இது நான் ஒடச்சது இல்ல, ஆமா!"

உள்ளே ஒரு சத்தம் கேட்டது. இருமலா சிரிப்பா என்று அவளுக்குத் தெரியவில்லை. போய்ப் பார்த்தாள். பெரியவர் கண்ணில் தண்ணீர் நின்றது. சிரித்துத்தான் இருக்கிறார்.

"வாயப் பாரு," என்றார் அவளிடம். "அப்படியே இருக்கான்."

முதல் ஜாயின்ட் சொன்னபடி கேட்டது. பழைய கிராஸ் கழன்று விழுந்தது, புதியது உட்கார்ந்தது. இரண்டாவதில்தான் சிக்கல். கிராஸ் என்கிற அந்தச் சிலுவை வடிவ இரும்பின் நான்கு முனையிலும் விரல் உறை மாதிரி ஒரு சின்னக் கப். அதில் ஒன்று துருவேறி, தன்னைப் பிடித்திருந்த இரும்போடு இரும்பாக ஒட்டிப்போயிருந்தது. வைஸில் வைத்து முறுக்கினான், வைஸ்தான் முனகியது. எண்ணெய் விட்டான். அடித்தான். சுத்தியல் வழுக்கிப் புறங்கை கிழிந்தது. சமையலறை அடுப்பை சிலிண்டரோடு தூக்கி வந்து கொட்டகையில் வைத்து, ஜாயின்ட்டைத் தீயில் காட்டினான். மழைச்சாரல் பட்டுப் புகைந்தது.

"வந்து தொலையேன்," என்றான் அதனிடம். "வந்து தொலையேன். உன் கால்ல வேணும்னா விழறேன்."

 அவளுடைய ஒரு காது அடிக்கும் ஓசையிலும் ஒரு காது மூச்சு ஓசையிலும் இருந்தது. அடி ஓயும்போது மூச்சு கேட்கிறதா என்று பார்ப்பாள். மூச்சு தடுமாறும்போது, இன்னும் ஓர் அடி அடியேன் என்று மனசுக்குள் கத்துவாள். மறுபடி அந்த நம்பருக்குப் போன் போட்டாள். வரிசையில் வைத்திருக்கிறார்களாம்.

"தையல்காரம்மா!"

நர்ஸம்மாவின் குரல் இந்த முறை வேறு மாதிரி இருந்தது.

பெரியவர் தலையணையிலிருந்து நழுவி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தார். அவள் கட்டிலில் ஏறி அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, நெஞ்சோடு சாய்த்துக்கொண்டாள். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. உடம்பு இவ்வளவு குளிர்ந்திருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

"இதோ முடிஞ்சிரும்ங்க. ஒரு கப்தான். கழட்டிட்டான்னா கெளம்பிரலாம். அக்கரைக்கு எவ்ளோ நேரம்? பத்து நிமிஷம். நீங்களே சொல்லுவீங்கல்ல, பத்து நிமிஷம்னு."

அவர் ஏதோ சொன்னார். குனிந்து காதை அவர் வாயருகே வைத்தாள்.

"வெரல்… வைஸ்ல… பாத்துக்கச் சொல்லு."

"சொல்றேன்."

கொட்டகையில் மறுபடி அடி விழுந்தது. ஒன்று. இன்னொன்று. அதற்கடுத்த அடிக்கும் அதற்கடுத்ததற்கும் நடுவில் எங்கோ, அவள் நெஞ்சில் சாய்ந்திருந்த கனம் மாறியது. அவள் காத்திருந்தாள். விறகு அறுக்கும் சத்தம் திரும்ப வரவில்லை. நர்ஸம்மா கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தார், கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு இமையை மெதுவாக மூடிவிட்டார்.

"கொழுந்தனைக் கூப்பிடும்மா," என்றார்.

அப்போது கொட்டகையிலிருந்து ஒரு கூச்சல் கேட்டது. "அண்ணி! வந்துருச்சு! கப்பு கழண்டுருச்சு அண்ணி! ஓடியாங்க!"

அவள் அவரைத் தலையணையில் சாய்த்தாள். கலைந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். போர்வையைக் கழுத்து வரை இழுத்தாள். நர்ஸம்மாவைப் பார்த்து, சொல்ல வேண்டாம் என்பதுபோல் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வெளியே போனாள்.

சின்னவன் முகத்தில் வேர்வையும் கரியும் கலந்து ஓடியது. கையில் ரத்தம் காய்ந்திருந்தது. "எப்படி இருக்காரு?"

"கண்ணு மூடியிருக்காரு."

"தூங்கட்டும். தூங்குனா நல்லதுதான்." அவன் புதிய ஜாயின்ட்டின் டப்பாவை உடைத்தான். அவசரத்தில் கை நழுவி ஒரு கப் தரையில் விழுந்தது. உள்ளே சுற்றிலும் அடுக்கியிருந்த மெல்லிய இரும்பு ஊசிகள் சிதறி ஓடின. "ஐயோ!" தலையில் அடித்துக்கொண்டான். "ஊசி பேரிங் அண்ணி. ஒண்ணு கொறஞ்சாலும் ஒண்ணு சாஞ்சாலும் கப்பு உள்ள போகாது."

அவள் மண்டியிட்டாள். தரையைத் துழாவி ஊசிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். தலைப்பில் துடைத்தாள். வெளிச்சத்துக்காக வாசல் பக்கம் உட்கார்ந்து, கப்பின் உட்சுவரில் கிரீஸைத் தடவி, ஓர் ஊசியை நிறுத்தினாள். அதன் பக்கத்தில் இன்னொன்று. அவள் விரல் நடுங்கவில்லை. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இந்த வேலை முடிகிற வரைக்கும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டிய ஒரு ஆள் உள்ளே இருக்கிறார். சின்னவன் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறான். இந்த உலகத்தில் அவன் ஒருவனாவது இன்னும் கொஞ்ச நேரம் அப்படி நினைத்துக்கொண்டிருக்கட்டும்.

"உங்களுக்கா ஊசி தெரியாது," என்றான் அவன், பக்கத்தில் குனிந்து பார்த்துக்கொண்டே. "நான்தான் இதுக்கு ஆகாத ஆளு. உறையைப் பழைய டியூப்பால சுத்திக் கட்டிருவேன். போய் வர்ற வரைக்கும் தாங்கும். அவரைப் பின்னால படுக்க வைக்காம, நடுவுல உக்கார வெச்சு நீங்க புடிச்சுக்கோங்க. நான் மெதுவாத்தான் திருப்புவேன். அப்புறம் அதுக்கும் திட்டுவாரு, எறும்பு மாதிரி ஓட்டுறான்னு."

"வெரல் பத்திரம்னு சொன்னாரு," என்றாள் அவள்.

"என் வெரலா?"

"ம்."

அவன் கிழிந்த கையைப் பார்த்தான். பிறகு அவள் நீட்டிய கப்பை வாங்கி, முனையில் பொருத்தி, வைஸை முறுக்கினான். மெல்ல மெல்ல, ஒரு நெல் அளவும் சாயாமல், கப் உள்ளே போய் உட்கார்ந்தது. கிளிப் 'டக்'கென்று விழுந்தது. ஜாயின்ட்டைக் கையில் எடுத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மடக்கிச் சுழற்றினான்.

"அண்ணே!" ஜன்னலைப் பார்த்துக் கத்தினான். "முடிஞ்சுது அண்ணே! வெண்ணெய் மாதிரி சுத்துது. வந்து பாருங்க!"

மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணே?"

அவன் சற்றுக் காத்திருந்தான். பிறகு தோளைக் குலுக்கி, கோபமில்லாமல் சிரித்தான். "பாத்தீங்களா அண்ணி. இன்னும் எறங்கல மனுஷனுக்கு. ஒரு 'சரி' சொன்னா கொறஞ்சா போயிருவாரு?"

சொல்லிக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பவில்லை. அடுப்பில் இன்னும் தீ எரிந்துகொண்டிருந்தது. அவள் எட்டி அதை அணைத்தாள்.

அவன் ஜன்னலைப் பார்த்தான். அந்த மூச்சுச் சத்தம் வருகிறதா என்று காது கொடுத்தான். பிறகு கையிலிருந்த ஜாயின்ட்டை, அது உடைந்துவிடும் பொருள் போல, ஒரு துணியை விரித்து அதன்மேல் வைத்தான்.

"எப்போ?"

"நீ கப்பக் கழட்டினப்போ."

 அவன் படகின் விளிம்பைப் பிடித்தான். உடனே கையை எடுத்துவிட்டான். பிடித்த இடத்தில் கறுப்பாக ஐந்து விரலும் பதிந்திருந்தது.

உள்ளே போகக் கதவு வரை போனவன் வாசற்படியில் நின்றான். இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தான். கிரீஸ், துரு, ரத்தம்.

"இந்தக் கையோட எப்படி அண்ணி அவரைத் தொடுறது?"

அவள் வாளியையும் சோப்புத் தூளையும் கொண்டு வந்தாள். அவன் கொட்டகை ஓரத்தில் குத்துக்காலிட்டுக் கையை நீட்டினான். அவள் குவளையால் மொண்டு ஊற்றினாள். அவன் தேய்த்தான். நுரை கறுப்பாக வழிந்தது. நகக்கண்ணில் மட்டும் அழுக்கு அப்படியே நின்றது. மறுபடி தூளைப் போட்டுத் தேய்த்தான், தோல் சிவக்கிற வரைக்கும் தேய்த்தான். அவள் போதும் என்று சொல்லவில்லை. ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

தண்ணீர் தீர்ந்து, குவளை வாளியின் அடியில் உரசியது. அவள் வாளியை எடுத்துப் போய்க் கூரைத் தகரத்தின் விளிம்பிலிருந்து மழைத் தண்ணீர் ஒழுகும் இடத்தில் வைத்தாள். சின்னவன் நுரை படிந்த கைகளை முன்னால் நீட்டியபடி அப்படியே உட்கார்ந்திருந்தான். வாளி நிரம்பட்டும் என்று இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.