கொண்டையில் ஒரு கடல்

வீட்டில் ஈரமண் பை கிடந்தால் கொளஞ்சிநாதனுக்குக் கை சும்மா இருக்காது. விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை பண்ணிச் சோறு தின்கிறவன். லீவு நாளிலும் மண்ணையே பிசைகிற ரகம். போதாததற்கு, பையின்மேல் மனைவி வெண்மதியின் கையெழுத்தில் ‘37’ என்று இருந்தது. அடுத்த வாரம் அவளுக்குப் பிறந்தநாள். ஒரு பெண்டாட்டி இதைவிடப் பச்சையாக எப்படிக் கேட்பாள்?

அவள் வேப்பூருக்குத் தாய்வீடு போயிருந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, அவளையே பொம்மையாக்கினான். மூக்குத்தி, பெரிய கொண்டை எல்லாம் அச்சு அசல். இடுப்பில் மட்டும் கொஞ்சம் தாராளமாகக் குறைத்தான்.

சாயங்காலம் வந்தவள் பொம்மையைப் பார்க்கவில்லை. காலிப் பையைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கல்லூரியில் மண்ணும் பாறையும் பாடம் நடத்துகிறவள்.

“அது கருவேப்பிலங்குறிச்சிக் கெணத்து மண்ணுங்க! அங்க சுத்தி சிமெண்ட் உறை எறக்கி மூடிட்டாங்க, இனிமே ஒரு பிடி கெடைக்காது. ஒரு காலத்துல அங்க கடலு இருந்துச்சு. அதோட வயச சொல்ல இந்த ஒரு பைதான்!”

“முப்பத்தேழுன்னு போட்டிருந்துச்சே. உன் வயசுன்னு...”

“அது ஆழம்! முப்பத்தேழு அடி! எனக்கு வர்றது முப்பத்தஞ்சு!”

எந்தக் குற்றத்துக்கு முதலில் மன்னிப்புக் கேட்பது என்று தெரியாமல் நின்றான்.

“சூளையில வச்சிட்டீங்களா?”

“இன்னும் காயவே இல்ல.”

“வேற மண்ணு ஏதாவது கலந்தீங்களா?”

“உன் மூஞ்சிக்கு எதுக்கும்மா கலப்படம்?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

“இதுக்குள்ள ரவையவிடப் பொடியா கடல் உயிருங்களோட ஓடு இருக்குது. எது எந்தக் காலத்துல வாழ்ந்துச்சுன்னு எங்களுக்குத் தெரியும். சுட்டிருந்தா அத்தனையும் சுண்ணாம்பாயிருக்கும். ஒரு கைப்பிடி போதுங்க.”

கத்தியை எடுத்தாள். பொம்மையின் மூக்கில் வைத்தாள், எடுத்தாள்.

“இடுப்புல எடுன்னு சொல்லலாம், நான் இடமே வைக்கல” என்றான். “கொண்டைய எடுத்துக்கோ.”

கொண்டையின் மேல்தோலைச் சீவிவிட்டு, உள்மண்ணைத் தண்ணீரில் ஊறவைத்துச் சல்லடையில் அலசினாள். மிஞ்சியது வெள்ளைத் தூசு. கல்லூரி மைக்ராஸ்கோப்பில் அவனுக்கும் காட்டினாள். உள்ளே குட்டிக்குட்டிக் குண்டுகள், நடுவே ஜாங்கிரி மாதிரிச் சுருள்கள்.

“யாரு இவ்ளோ சின்னதா அச்சு போட்டது!” கொளஞ்சிநாதனுக்குத் தொழில் பொறாமையே வந்துவிட்டது.

“நீங்க பிசைஞ்சதுல பாதி நொறுங்கிப்போச்சு. மீதி போதும். இந்தக் குண்டுங்க ஆழமில்லாத கரையோரத்துல வாழ்ந்ததுங்க. அந்தச் சுருளு ஏழு கோடி வருஷத்துக்கு முன்னாடி கொஞ்ச காலந்தான் இருந்துச்சு, அப்புறம் பூண்டோட அழிஞ்சிடுச்சு. அது இருந்தா கடலுக்கும் அதே வயசுதான்.” அவள் தேடிய வயசு கிடைத்துவிட்டது.

பிறந்தநாளன்று வயசு எழுதாத கேக்கும், புதுக் கொண்டை வைக்க ஒரு உருண்டைப் பீங்கான் மண்ணும் வாங்கி வந்தான்.

“வேணாங்க, கலப்படம் ஆயிடும்.” தன் தலையிலிருந்து மல்லிகையைக் கிள்ளி, கொண்டை இருந்த பள்ளத்தில் செருகினாள். “சூளைக்கும் அனுப்பாதீங்க. மிச்சக் கடலு உள்ளதான் இருக்குது.”