ஐந்து மில்லிபார்

வியாழன் மாலை, ஆறு மணிக்கு இருபது நிமிடம் இருக்கையில், கமலாம்பிகை லண்டன் நோர்பரியிலுள்ள தமது வீட்டுச் சமையலறை மேசையில் விரித்திருந்த வானிலை வரைபடத்தின் கோடுகளை மூன்றாவது தடவையாக அழித்தார். இருபத்தாறு வருடம் யாழ்ப்பாணத்தில் புவியியல் கற்பித்தவர் அவர். மழையையும் பனியையும் கொண்டுவரும் தாழமுக்கம் எந்தத் திசையில் இருக்கிறது என்று சொல்ல முடியாமல் ஒருநாளும் திகைத்ததில்லை.

நான்கு வருடங்களாக மூன்று வீடுகள் சேர்ந்து வானிலை கணிக்கும் இந்த வேலையைச் செய்து வந்தன. நோர்பரியில் அவர்; கோலியர்ஸ் வுட்டில் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்யும் பெர்னடெற்; நகரின் கிழக்கே செவன் கிங்ஸில் ரயில் நிலையத்தில் ரிக்கெற் கொடுக்கும் கோபாலகிருஷ்ணன். ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் அமுக்கமானி ஒன்று தொங்கியது. காலை ஏழுக்கும் மாலை ஆறுக்கும் வாசித்து, தொலைபேசியில் எண்களைப் பரிமாறிக்கொள்வார்கள். தொலைக்காட்சிக்காரர் சறுக்கிய நாள்களைக் கமலாம்பிகை தேதியுடன் குறித்து வைத்திருந்தார்.

இந்த முறை அது விளையாட்டாக இல்லை. பெர்னடெற்றின் தம்பி யாக்கோப்பு லொறி ஒன்றில் ஒளிந்து வந்து பிடிபட்டு, நான்கு மாதமாகக் கென்ற் கரையோரத் தடுப்பு முகாமில் அடைபட்டுக் கிடந்தான். வெள்ளி காலை பத்து மணிக்கு அங்கேயே பிணை விசாரணை. பிணையாளிகளாக இருவர் நேரில் நிற்கவேண்டும்: பெர்னடெற்றும், சொந்த வீடு வைத்திருக்கும் கோபாலகிருஷ்ணனும். ஒருவர் வராவிட்டாலும் பையன் உள்ளேதான்.

இன்றே புறப்படுவதா, நாளை விடியற்காலையா? இன்றென்றால் பெர்னடெற் இரவு ஷிப்டைக் கைவிடவேண்டும். மேற்பார்வையாளர் ஏற்கெனவே இரண்டு தடவை எச்சரித்திருந்தார். நாளையென்றால், இரவில் பனி கொட்டி வீதி மூடினால் எல்லாம் முடிந்தது. தொலைக்காட்சியோ 'தென்கிழக்கில் சில இடங்களில் பனி பொழியக்கூடும்' என்று பட்டும் படாமலும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டது.

நோர்பரியில் அமுக்கம் ஆயிரத்து நான்கு. காலையிலிருந்து மூன்று இறங்கியிருந்தது. கோலியர்ஸ் வுட்டிலிருந்து பெர்னடெற் இன்று முன்கூட்டியே அழைத்துச் சொன்ன எண்ணும் அதுவே. ஆனால் இந்தக் கிழமை கோபாலகிருஷ்ணன் தந்த எண் ஒவ்வொரு தடவையும் குறைவாகவே இருந்தது. அதை நம்பினால் தாழமுக்கம் கிழக்கே வடகடலில் நிற்கிறது, விலகிப் போய்விடும், நாளை வானம் வெளிக்கும். அப்படியானால் காற்று வடக்கிலிருந்து வீசவேண்டும். யன்னலுக்கு வெளியே கொடியில் மறந்து விட்ட துவாயோ மேற்கு நோக்கிப் படபடத்தது. கிழக்குக் காற்று. கிழக்குக் காற்றென்றால் தாழமுக்கம் தெற்கே, ஆங்கிலக் கால்வாயில் ஏறி வருகிறது. எண் ஒன்று சொல்ல, காற்று வேறொன்று சொன்னது. கமலாம்பிகைக்குத் தம் தலையிலேயே ஏதோ கழன்றுவிட்டதோ என்று பயம் வந்தது.

குறிப்புப் புத்தகத்தைப் பின்புறமாகப் புரட்டினார். புதன், செவ்வாய், திங்கள், ஞாயிறு. பென்சில் நின்றது.

ஆறு மணிக்குத் தொலைபேசி அடித்தது. வீட்டு இணைப்பில் கோளாறென்று கோபாலகிருஷ்ணன் இந்தக் கிழமை முழுவதும் வீதித் தொலைபேசிக் கூண்டிலிருந்துதான் அழைத்தார்.

"ரீச்சர், தொளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. காத்துச் சுழண்டு சுழண்டு அடிக்குது, திசை பிடிக்கேலாமல் கிடக்கு."

"எங்க வச்சு வாசிச்சனீங்கள்?"

"வழமையான இடத்திலதான்."

"கோபாலகிருஷ்ணன், ஞாயிற்றுக்கிழமை எங்களை விட ஐஞ்சு குறைவு. திங்கள் ஐஞ்சு. நேற்று ஐஞ்சு. இண்டைக்கும் ஐஞ்சு. ஒரு தாழமுக்கம் ஐஞ்சு நாளா உங்கட கூரையில குந்திக்கொண்டு இருக்குமோ?"

"மெஷின் பழசு ரீச்சர்."

"பழுதெண்டால் கண்டபாட்டுக்கு ஏறி இறங்கும். இது ஒரே அளவாத் தூக்கி வச்ச மாதிரிக் கிடக்கு. ஐஞ்சு மில்லிபார் எண்டால் நாற்பது மீற்றர் உயரம். நீங்கள் எத்தினையாம் மாடியில இருக்கிறியள்?"

காசு விழும் ஓசை கேட்டது.

"பதினாலு," என்றார் கோபாலகிருஷ்ணன். "கடன் கட்டேலாமல் வீடு பாங்குக்குப் போட்டுது ரீச்சர். சனிக்கிழமை திறப்பைக் குடுத்திட்டன். கவுன்சில் ஒரு பிளாட் தந்திருக்கு. ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாதெண்டு மனிசி பாமா சொன்னவ."

"பிணைப் பேப்பரில அந்த வீடெல்லோ கிடக்கு?"

"ஓம்."

"நாளைக்குக் கோர்ட்டில என்ன சொல்லுறதா இருந்தனீங்கள்?"

"எவ்வளவோ யோசிச்சன், ஒண்டும் பிடிபடேல்லை. ஸ்னோ கொட்டி ரோட்டு மூடவேணுமெண்டு பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் நேர்ந்து வச்சிருக்கிறன்."

கமலாம்பிகைக்குக் கோபம் வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. எதை முன்னால் விடுவதென்று தெரியாமல் இரண்டையும் விழுங்கினார்.

"தேங்காயை வாங்கி வையுங்கோ. ஸ்னோ வருகுது."

செவன் கிங்ஸின் எண்ணோடு ஐந்தைக் கூட்டியதும் மூன்று வீடுகளும் ஒன்றாயின. கோடுகள் மேற்கும் கிழக்குமாக நேராக ஓடின. தாழமுக்கம் தெற்கேதான். விடியுமுன் கென்றில் பனி விழும். காற்று அதைக் குவித்து வீதிகளை அடைக்கும்.

பெர்னடெற்றை அழைத்தார். "பிள்ளை, இப்பவே வெளிக்கிடவேணும்."

"ஐயோ, ஷிப்டுக்கு என்ன சொல்லுறது?"

"உள்ளதைச் சொல்லும்."

"சரி ரீச்சர். இவரை வானை ஓட்டச் சொல்லுறன். கோபாலண்ணையை எங்க ஏத்துறது?"

"அவர் வரேல்லை. நான் வாறன்."

"நீங்களோ? அவற்றை பேரெல்லோ குடுத்தது! ஏன் வரேல்லை?"

"அதை அவர்தான் உமக்குச் சொல்லவேணும். எனக்கும் ஒரு வீடு இருக்கு. வீட்டு உறுதிப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வாறன்."

"ஆளை மாத்த விடுவினமோ ரீச்சர்?"

"தெரியாது," என்றார் கமலாம்பிகை. அந்தச் சொல் அவருக்கே புதிதாக ஒலித்தது.

பெர்னடெற்றின் கணவர் கிறிஸ்துநாயகம் வானை ஓட்டினார். அவர்களுடைய பங்குத் தந்தை சொல்லி வைத்திருந்த, கென்றிலுள்ள கிறிஸ்தவக் கோயில் மண்டபத்தில் இரவைக் கழித்தார்கள். காலையில் கதவைத் தள்ளினால் இலேசில் திறக்கவில்லை. வெளியே முழங்காலளவு பனி. ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு, கடற்காற்று முகத்தில் அறைய அறைய, நீதிமன்றத்துக்கு நடந்தார்கள். ஒன்பதே முக்காலுக்கு உள்ளே நின்றார்கள்.

நீதிமன்ற எழுதுவினைஞர் ஒருவர் மட்டும் கோப்புகளோடு இருந்தார். நீதிபதி லண்டனிலிருந்து வரும் ரயில் பாதி வழியில் நின்றுவிட்டதாம். விசாரணை அடுத்த வெள்ளிக்கு ஒத்திவைக்கப்பட்டது. பிணையாளியை மாற்றுவதானால் அதற்கு ஒரு படிவம் உண்டு. ஒரு கிழமைக்குள் சரிபார்த்து விடுவார்கள்.

பெர்னடெற் மர வாங்கில் உட்கார்ந்து சரிந்து அழுதாள். "இன்னும் ஏழு நாள் கிடக்கவேணும் அவன்." பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இண்டைக்கு நடந்திருந்தால் உங்களை ஏற்றிருக்க மாட்டினம், என்ன?" என்றாள்.

கமலாம்பிகையின் கணிப்பு மணி பிசகாமல் பலித்திருந்தது. அது பையனைக் காப்பாற்றியதா, இன்னொரு கிழமை பூட்டி வைத்ததா என்பதை மட்டும் அவரால் கணிக்க முடியவில்லை.

படிவத்தைப் பெரிய எழுத்தில் நிரப்பினார். பெயர், முகவரி, தொழில். அடுத்த கேள்வியில் பேனா நின்றது: விண்ணப்பதாரியை எவ்வளவு காலமாக, எப்படித் தெரியும்? யாக்கோப்பை அவர் ஒரு புகைப்படத்தில்கூடப் பார்த்ததில்லை.

"பெர்னடெற், உம்முடைய தம்பி எப்பிடிப்பட்ட ஆள்?"

"அவனோ? நல்லா மீன் பொரிப்பான் ரீச்சர். கடன்காரர் வந்தால் மட்டும் ஓடி ஒளிப்பான்."

"அதை இதில எழுதேலாது."

"ஏன், உண்மைதானே?"

கிறிஸ்துநாயகம் சிரித்துவிட்டார். கமலாம்பிகை பேனாவை மூடி வைத்துவிட்டு, எழுதுவினைஞரிடம் போனார். வந்திருப்பதால், பையனை இன்று பார்க்க அனுமதி கிடைக்குமா என்று கேட்டார்.