பாட்டு டீச்சரின் ஸ்டிக்கர் பொட்டு

பாட்டு டீச்சர் என்றால் கையில் ஒரு சுருதிப் பெட்டியாவது இருக்க வேண்டாமா? செவ்வாய்க்கிழமைதோறும் ராஜகோபாலன் சார் வீட்டுக்கு வந்த பாட்டு டீச்சரிடம் ஒரு குடையும் தோள் பையும்தான் இருந்தன. தெருமுனை விளக்குக் கம்பத்தருகே நிற்பாள். குடைக் கைப்பிடியில் ஒட்டியிருக்கும் அரக்கு நிற ஸ்டிக்கர் பொட்டை எடுத்து நெற்றியில் வைத்துக்கொள்வாள். அப்புறம்தான் தெருவுக்குள் கால் வைப்பாள். திரும்பும்போது அதே கம்பத்தடியில் பொட்டு மறுபடி குடைக்குப் போய்விடும். எதிர்வீடான என் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும். வற்றல் காயப் போடத்தான் போவேன். கண்ணை மூடிக்கொண்டா காயப் போட முடியும்?

சேலையூரில் இந்தத் தெரு முழுக்க என் மாமனாரின் கொல்லையாக இருந்ததுதான். எங்களிடம் மனை வாங்கி வீடு கட்டியவர்களின் சமாசாரம் எனக்குத் தெரியாமல் போனால் அது அவர்களுக்கே மரியாதை இல்லை.

அவள் பெயர் தபீதாள். கேம்ப் ரோட்டில் சிட்டிபாபுவின் மருந்துக் கடைக்கு மேல்மாடியில் 'குடும்ப நல ஆலோசனை மையம்' என்று ஒரு போர்டு இருந்ததே, அங்கே வேலை. அதைத் திறந்த புதிதில், கருத்தடை ஆபரேஷன் செய்கிற இடம் என்று நினைத்து எங்கள் ஊர் ஆம்பிளைகள் எதிர்ச் சாரியில் நடந்தார்கள். மனசு சரியில்லாதவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் இலவசமாக உதவுகிற தொண்டு நிறுவனம் என்பது பிறகுதான் தெரிந்தது. சனிக்கிழமை ஒரு டாக்டர் வந்து மாத்திரை கொடுப்பார். மற்ற நாட்களில் தபீதாள் மாதிரிப் படித்த பெண்கள் வீடுகளுக்கே போய்ப் பேசுவார்கள். இது தெரிந்ததும் பொம்பிளைகளும் எதிர்ச் சாரிக்கு மாறிவிட்டோம்.

ராஜகோபாலன் சாருக்கு ஒரே பெண், வேதா. தினமும் மின்சார ரயிலில் நுங்கம்பாக்கத்துக்குக் காலேஜ் போய்வந்தவள் திடீரென்று நின்றுவிட்டாள். காதுக்குள் யாரோ திட்டுகிறார்கள் என்று அழுதாள். அறையை விட்டு வெளியே வரவில்லை. "கரஸ்ல படிக்கறா," என்றாள் அவள் அம்மா அபிதகுஜாம்பாள் மாமி. படிக்கட்டும். தபீதாள் வர ஆரம்பித்ததும், "பாட்டு கத்துக்கறா," என்றாள். மையத்துப் பெண் வருவது தெரிந்தால் வேதாவுக்கு வரன் வராது என்று மாமிக்குப் பயம். டீச்சர் என்றால் நெற்றி வெறுமையாக இருக்கக்கூடாது என்று அந்தப் பொட்டு நிபந்தனையும் மாமி போட்டதுதான்.

இரண்டு வீட்டிலும் வேலை செய்த கன்னியம்மாவிடம், "இன்னாடி, பாட்டு எந்த மட்டுல கீது?" என்று கேட்டேன்.

"பாட்டும் இல்ல ஒண்ணும் இல்லக்கா. ரயில் டேசன் பேரு சொல்லிக்கினு கீறாங்க ரெண்டு பேரும். காதுல சத்தம் கேட்டா அந்தப் பொண்ணு தாம்பரத்துலேர்ந்து பீச் வரிக்கும் மெதுவா சொல்லணுமாம். ரயிலு பீச்சுக்குப் போறதுக்குள்ள சத்தம் அடங்கிடுமாம்."

யாரிடமும் சொல்லாதே என்று சொல்லிச் சொல்லியே அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டோம். ஆனால் மாமியிடம் யாரும் காட்டிக்கொள்ளவில்லை. "பாட்டு எப்பிடிப் போவுது மாமி?" என்போம். "நன்னா வரது," என்பாள். எங்கள் தெருவில் அதற்குப் பெயர் நாகரிகம்.

நன்றாகத்தான் வந்தது. வேதா முதலில் ஜன்னலைத் திறந்தாள். பிறகு வாசலில் கோலம் போட்டாள். தபீதாளோடு கடைவரை நடந்தாள். ஒருநாள் தெருவில் நின்று என் மாடியை அண்ணாந்து பார்த்து, "வற்றல் இன்னும் காயலியா, ஜெயக்கொடி அக்கா?" என்று கேட்டாள். சிரிப்பு வேறு! என் மானம் போயிற்று. ஆனாலும் அன்று எனக்கு இரண்டு கவளம் சோறு அதிகமாக இறங்கியது.

அந்த வருஷ நவராத்திரிக்கு எங்கள் தெரு நாகலக்ஷ்மி வீட்டுக் கொலுவுக்கு மாமி வேதாவைக் கூட்டி வந்தாள். பட்டுப் பாவாடை, தலையில் கதம்பம். சுண்டலுக்காக நானும் போயிருந்தேன். கொலுவுக்கு வருகிற பெண்ணைப் பாடச் சொல்லாமல் விடமாட்டார்களே! தெருக்காரர்கள் நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை. மாம்பலத்திலிருந்து வந்திருந்த நாகலக்ஷ்மியின் நாத்தனாருக்கு விஷயம் தெரியாது.

"ஆத்துக்கே டீச்சர் வந்து சொல்லித் தராளாமே. ஒண்ணு பாடேன்டிம்மா."

"தொண்டை கட்டிண்டிருக்கு," என்றாள் மாமி.

"பரவாயில்ல, சின்னதா ஒண்ணு."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வேதாவின் கைகள் காதுக்குப் போயின. பிறகு அவளாகவே கைகளை இறக்கி மடியில் வைத்தாள். கண்ணை மூடினாள்.

"தாம்பரம்... சானடோரியம்... குரோம்பேட்டை... பல்லாவரம்..."

ஒவ்வொரு பெயரையும் நிதானமாக, அந்த ஸ்டேஷனில் வண்டி நின்று கிளம்புகிற அளவுக்கு இடம் விட்டுச் சொன்னாள். கிண்டி வந்தபோது நாத்தனார் களுக்கென்று சிரித்தாள். மாம்பலம் வந்தபோது மாமி எழுந்து பெண்ணின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இரும்மா, இன்னும் பீச் வரல," என்றாள் வேதா.

தாம்பூலம்கூட வாங்காமல் போனார்கள்.

அடுத்த செவ்வாய் தபீதாள் பொட்டோடு வந்து நின்றாள். கேட்டுக்கு உள்ளிருந்தே ராஜகோபாலன் சார் பேசினார்.

"இனிமே பாட்டு வேண்டாம்."

"சார், மாத்திரையை மட்டுமாவது நிறுத்தாதீங்க. நான் வேணா தெருவுக்கே வரல. நீங்க சனிக்கிழமை மையத்துக்குப் பின்படி வழியா வாங்க."

"தெருவே சிரிக்கறதும்மா. கொஞ்சம் போறேளா?"

அவள் போனாள். கம்பத்தடியில் பொட்டை எடுக்க மறந்து அப்படியே போனாள்.

மாத்திரை நின்றது. வேதா மறுபடி அறைக்குள் போனாள். ஆனால் ஜன்னல் வழியாக எனக்குக் கேட்கும். கொஞ்ச காலம் வண்டி பீச் வரை போயிற்று. பிறகு சைதாப்பேட்டையில் நின்றுவிடும். அந்த மழைக்காலத்தில் பல்லாவரத்தைத் தாண்டவில்லை. அப்புறம் தாம்பரம் மட்டும்தான். தாம்பரம், தாம்பரம், தாம்பரம் என்று, கிளம்பவே கிளம்பாத வண்டி.

பல வருஷம் கழித்து ஒரு மத்தியானம் தபீதாள் வந்தாள். அதே குடை. நெற்றியில் பொட்டு இல்லை.

"மையத்தை மூடிட்டாங்கக்கா. நான் எங்க ஊருக்கே போறேன். வேதா எப்படி இருக்காங்க?"

எதிர் ஜன்னலைக் காட்டினேன். "நீயே கேளு."

தாம்பரம், தாம்பரம் என்றது ஜன்னல். தபீதாள் தெரு நடுவில் போய் நின்று, "சானடோரியம்," என்றாள்.

உள்ளே சத்தம் நின்றது. மெள்ள ஒரு முகம் கம்பிக்குப் பின்னால் வந்தது. தலை பாதி நரைத்திருந்தது.

"குரோம்பேட்டை," என்றாள் வேதா.

வளையல் போட்ட கை ஒன்று குறுக்கே வந்து ஜன்னலைச் சாத்தியது.

மறுநாள் காலை பால் பூத்தில் மாமி என் பக்கத்தில் நின்றாள். அவளே ஆரம்பித்தாள்.

"நேத்திக்குப் பழைய பாட்டு டீச்சர் வந்திருந்தா, பாத்தியோ?"

எத்தனை வருஷத்து நாகரிகம். அன்றைக்கு என்னால் முடியவில்லை.

"மாமி, அது மையத்துப் பொண்ணுன்னு எங்க எல்லாருக்கும் தெரியும்."

"கொலு அன்னிக்குத் தெரிஞ்சுதா?"

"அதுக்கும் முன்னாடி. மொதல்லேர்ந்தே தெரியும் மாமி. யாரும் தப்பா நினைக்கல."

பால் கவரிலிருந்து தண்ணீர் அவள் புடவையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"அப்போ எதுக்கு, ஜெயக்கொடி, நாங்க..." என்றாள்.

திரும்பினாள். வீட்டுப் பக்கம் போகவில்லை. கேம்ப் ரோட்டில் விறுவிறுவென்று நடந்தாள். நானும் பின்னால் ஓடினேன். மருந்துக் கடை மாடியில் போர்டு மாறியிருந்தது. வீடியோ கேசட் வாடகைக்கு. சிட்டிபாபு அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தான். மாமி கடைக்கு முன்னால், இந்தச் சாரியிலேயே, எல்லோரும் பார்க்க நின்றாள்.

"ஏம்ப்பா, மேல இருந்த பாட்டு டீச்சர் எப்போ வருவா?"

சிட்டிபாபு என்னைப் பார்த்தான், மாமியைப் பார்த்தான்.

"பாட்டு டீச்சரா? இங்க அந்த மாதிரி யாரும் இருந்ததே இல்லியேம்மா."